பத்தரை ஃபாரம்

கெய்ரோவில் ஃபக்காலா தெருவில் அச்சுத்தொழில் மேஸ்திரியான உஸ்தா ஹிஷ்மத்தைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, அவர் கை பட்டுப் போன புத்தகத்தில் வெள்ளைப் பக்கம் வராது. இன்னொன்று, முப்பது வருடமாக ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்களை அச்சுக்குத் தயார்செய்து அனுப்பிய மனுஷன், அதில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. இரண்டும் உண்மை. இரண்டையும் அவர் பெருமையாகவே வைத்திருந்தார்.

"படிக்க உக்காந்தா கண்ணு கதைக்குள்ள போயிரும். பிழை பக்கத்துல நின்னு நம்மளப் பாத்துச் சிரிக்கும்" என்பார்.

அவருடைய கண் வேறு மாதிரிக் கண். பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். ஓரம் கோணியிருக்கிறதா, வரிக்கு வரி இடைவெளி ஒன்றா, ஒரு பத்தியின் கடைசிச் சொல் மட்டும் தனியாக அடுத்த பக்கத்துத் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அரபி எழுத்தை இழுத்து நீட்டலாம், நெருக்கிச் சேர்க்கலாம். அப்படி நீட்டியும் நெருக்கியும் புத்தகத்தை ஃபாரத்துக்குள் அடைப்பதுதான் அவர் தொழில். ஃபாரம் என்றால் பதினாறு பக்கம், ஒரு பெரிய தாளின் இரண்டு முகத்திலும் எட்டெட்டாக. நூற்றறுபத்தைந்து பக்கம் என்று வருகிற புத்தகத்தை நூற்றறுபதில் நிறுத்திவிட்டால் பத்து ஃபாரத்தில் காரியம் முடிந்தது. நிறுத்தாவிட்டால் மேலே அரை ஃபாரம் தாள் போகும். அதில் மூன்று பக்கம் வெள்ளையாகக் கிடக்கும்.

"வெள்ளையா ஒரு பக்கம் வெளிய போச்சுன்னா எவனோ தூங்கிட்டான்னு அர்த்தம். தூங்கினவன் நானா இருக்கக் கூடாது" என்பது அவர் கட்டளை. அதைப் பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டு பக்கத்து மேசையில் வேலை செய்தவள் ஃபாயிஸா. ஹிஷ்மத் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டி, ட்ரேசிங் தாளில் எடுத்துக் கொடுப்பார். ஃபாயிஸா விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் அவற்றைப் பதினாறு பதினாறாக அடுக்கி, டேப் போட்டு ஒட்டி, அச்சுத் தகடு எடுக்க அனுப்புவாள். நாற்பத்தைந்து வயது, இரண்டு மூட்டும் வலி, வாய் மட்டும் ஓயாது.

அவருக்கு இன்னொரு கட்டளையும் உண்டு. திருத்தம் முடிந்து புதிய பதிப்பு கையில் வந்ததும் பழையதை அன்றைக்கே அழித்துவிட வேண்டும். குப்பைத் தொட்டிக்குள்ளும் இருக்கக் கூடாது. ஒரு சமயம் ஒரு வக்கீலின் புத்தகத்தில் திருத்தாத பழைய பதிப்பு தகட்டுக்குப் போய் ஆயிரம் பிரதி பாழானது. அதிலிருந்து இந்தப் பழக்கம். வேறு கடைகளில் எல்லாம் பழைய பதிப்பு செத்த எலி மாதிரி மூலைக்கு மூலை கிடக்கும். இவர் கடையில் தேடினாலும் கிடைக்காது.

அரசாங்கம் எங்கள் பவுண்டைச் சந்தை விலைக்கு மிதக்கவிட்ட வருடம் அது. பவுண்டு மிதந்தது, தாள் வாங்குகிறவன் மூழ்கினான். பதிப்பாளர்கள் அரை ஃபாரம் என்ற சொல்லைக் கேட்டாலே கோபப்பட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் ஹிஷ்மத்தின் ஒரே மகள் அபீர் தன் புத்தகத்தை முடித்தாள்.

அபீருக்கு இருபத்தொன்பது வயது. ஷுப்ராவில் பெண்கள் பள்ளியில் சரித்திரப் பாடம் எடுத்தாள். இருபத்தாறில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பிற்பகல் அசர் தொழுகையிலிருந்து அந்தி மஃரிபு வரை தட்டுவாள். கையால் எழுதுகிற வழக்கமில்லை. தன் வீட்டையும் தெருவையும் பற்றி எழுதுகிறாள் என்ற அளவுக்கு அப்பனுக்குத் தெரியும். ஒரு சின்னப் பதிப்பாளர் உஸ்தாவின் முகத்துக்காக, படித்துப் பார்க்காமலே போடச் சம்மதித்ததும் ஹிஷ்மத்தே பக்கம் கட்டினார். நூற்றறுபத்தைந்து வந்தது.

"அஞ்சு பக்கம் தள்ளுது, எடுத்துரு" என்றார்.

"எந்த அஞ்சு, பாபா?"

"எதா இருந்தா என்ன? ஒரே இடமா எடுத்தா எனக்கு வேலை சுலபம்."

"நீங்க படிச்சீங்களா?"

"நான் எங்கம்மா படிக்கிறது? படிக்கிறதுக்கு ஊர்ல ஆள் இருக்கு. பக்கம் கட்டறதுக்கு நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

"சும்மா ஒரு பக்கம்கூடவா படிக்கல?"

"அபீர், அந்தாளு நாளைக்கே ஃபைல் கேட்பான். போய் எடும்மா."

அவள் சிரித்தாள். மறுநாள் ஐந்து பக்கத்தை எடுத்துவிட்டாள். தொண்ணூற்றெட்டிலிருந்து நூற்றிரண்டு வரை. தொண்ணூற்றேழு நிறைந்து முடிகிறது, நூற்றிமூன்றில் புது அத்தியாயம் தொடங்குகிறது. தையல் தெரியாமல் எடுத்திருந்தாள். "தொழில்காரன் பொண்ணுன்னா இதுதான்" என்று ஃபாயிஸாவிடம் காட்டிப் பெருமைப்பட்டார். அன்று மாலையே பழைய பதிப்பை இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்தார். சாதாரணத் தாளில் எடுத்துப் பார்த்த மாதிரிப் பிரதி மற்ற கழிவோடு கீழே வறுத்த விதை விற்கிற கடைக்குக் கூம்பு சுற்றப் போனது.

பதிப்பாளர் தாள் விலை இறங்கட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். விலை இறங்கவில்லை. ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தேர்வுத்தாள் திருத்தப் போன அபீர் ஏறிய மைக்ரோபஸ் சுற்றுச்சாலையில் கல் லாரியின் அடியில் போனது. ஏழு பேர் மௌத்து, அபீரும் அதில் ஒருத்தி. அவள் கைப்பையைக்கூட யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இருபத்தேழாம் நாள் அபீரின் தாய் தவ்லத் முதல்முறையாக அடுப்படியில் உட்கார்ந்து முலூகிய்யாக் கீரை ஆய்ந்தாள். அதுவரை அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவந்தார்கள். ஹிஷ்மத் வாசற்படியில் நின்றார். ஜூலை வெயிலில் மாடி வீடு கொதித்தது. காற்றாடி சூட்டைத்தான் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது.

"நாற்பதாம் நாளைக்கு அவ புத்தகத்தை நானே அடிச்சுக் கொடுக்கப்போறேன், உம்மு அபீர். முந்நூறு பிரதி. அந்தப் பதிப்பாளர்கிட்ட பேசிட்டேன். எடுத்துக்கோங்கன்னுட்டான்."

தவ்லத் கையை நிறுத்தவில்லை. காம்பு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம் விழுந்துகொண்டிருந்தது.

"பெட்டிச் சக்கரம் அதுல இருக்கா?" என்றாள்.

"என்ன சக்கரம்?"

"அவ திரும்பி வந்த அன்னைக்குப் பெட்டியில ஒரு சக்கரம் உடைஞ்சிருந்துச்சே. நீங்க கதவத் திறந்தீங்க. ஏன்னு கேக்கல, எதுக்குன்னு கேக்கல. பெட்டியத் திருப்பிப் போட்டு உக்காந்து சக்கரத்தைச் சரிபண்ணிட்டு, 'இனிமே இது இங்கயே நிக்கட்டும்'னீங்க. ஞாபகம் இருக்கா?"

"சக்கரம் ஞாபகம் இருக்கு."

"அதை எழுதியிருந்தா. அந்த மாதிரிப் பிரதியக் கொண்டுவந்து, இதோ இந்த இடத்துல நின்னு எனக்குப் படிச்சுக் காட்டினா. நான் இதே மாதிரி கீரை ஆஞ்சிட்டிருந்தேன். பாதி கேட்டேன், பாதி கேக்கல. குக்கர் சத்தம். 'அப்பா எதுவும் கேட்கவில்லை. அதனால்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்ல நினைத்தேன்.' இந்த ஒரு வரி மட்டும் அப்படியே நிக்குது."

ஹிஷ்மத் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். அந்த ஐந்து பக்கமாக இருக்கக் கூடாது, வேறெங்காவது இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"அது எந்த இடத்துல வருது, தவ்லத்?"

இப்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே அஞ்சு பக்கம் எடுக்கச் சொன்னீங்க? அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல சொன்னா. 'அப்பாவப் பத்தி இருந்ததைத்தான் எடுத்தேம்மா, சரியா அஞ்சு பக்கம் இருந்துச்சு. அவர் படிக்கல. அவர் படிக்காம அது இருந்து என்ன ஆகப்போகுது'ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. இப்போ அதைத் திரும்பிச் சேத்துருங்க. அவதான் இல்லையே, வேணாம்னு சொல்ல."

"சேத்துர்றேன்" என்றார். வேறென்ன சொல்வார்.

கீழே இறங்கி, செருப்பைக் காலில் சரியாகப் போடாமலே கடைக்கு ஓடினார்.

இரண்டு நாள் தேடினார். இரண்டு கம்ப்யூட்டர், அலமாரி நிறையக் குறுந்தட்டுகள், ஒவ்வொரு பெட்டியின் அடியும் பார்த்தார். ஃபாயிஸா கண்ணாடி மேசையிலிருந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். விளக்கு அவள் முகத்தைக் கீழிருந்து வெளுப்பாகக் காட்டியது.

"என்ன உஸ்தா தேடுறீங்க?"

"ஒரு பழைய பதிப்பு."

"பழைய பதிப்பா? உங்க கடையிலயா? நான் ஒரு தடவை ஒண்ணு எடுத்து வச்சதுக்கு, 'ஃபாயிஸா, பிணத்தை யாராவது வீட்டுல வச்சிருப்பாங்களா'ன்னு கத்தினீங்களே…" சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "என் வாயில மண்ணு விழ. உஸ்தா, மன்னிச்சிருங்க. டீ போடட்டுமா?"

"போடு."

என்ன பதிப்பு, யாருடையது என்று அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவும் துணியவில்லை. டீ ஆறியது. ஹிஷ்மத் கீழே விதைக்கடைக்குப் போனார்.

சிற்றப்பா முறையில் தெருவே 'அம்மு' என்று கூப்பிடும் பஸ்யூனியின் கடையில் தர்பூசணி விதையும் பூசணி விதையும் வறுபட்டுக்கொண்டிருந்தன. தெருவே உப்பு வாசனை. கிழவர் ஸ்டூலில் உட்கார்ந்து தாளைக் கிழித்துக் கூம்பு சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க உஸ்தா. அவ ஆயுசுல மிச்சம் உங்க ஆயுசுல சேரட்டும்" என்று துக்கம் விசாரித்தார்.

"உங்க ஆயுசுலயும் சேரட்டும். அம்மு பஸ்யூனி, நம்ம கடைத் தாள் எவ்வளவு இருக்கு உங்ககிட்ட?"

"அதோ, அந்த மூட்டை. ஏன், திருப்பி வேணுமா? விலை ஏறிடுச்சுன்னு நீங்களுமா?"

"பிப்ரவரில அனுப்பினது வேணும்."

கிழவர் சிரித்தார். "பிப்ரவரியா! எங்கிட்ட தாள் நாலு நாள் தங்காது, ஹபீபி. பிப்ரவரித் தாள்ல விதை தின்னவன் உப்பை நக்கிட்டுத் தூக்கிப்போட்டு, அதைப் பெருக்கி, ஆடு தின்னு, ஆட்டை ஹஜ் பெருநாளைக்கு அறுத்தே முடிச்சாச்சு." சொல்லும்போதே ஹிஷ்மத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றது. "என்ன தாள் உஸ்தா அது? ஏதும் பத்திரமா?"

"இல்ல. சும்மா ஒரு புத்தகம்."

கிழவர் எழுந்து மூட்டையைத் தரையில் கவிழ்த்தார். இரண்டு பேரும் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பிரித்தார்கள். மருத்துவப் புத்தகம், சமையல் குறிப்பு, ஒரு கட்சித் துண்டுப்பிரசுரம், யாருடைய கவிதையோ. சுற்றிவைத்திருந்த கூம்புகளைக்கூடக் கிழவர் பிரித்து நீவிக் கொடுத்தார். விதை வாங்க வந்த ஒரு பெண் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். கிடைக்கவில்லை. கிடைக்காது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துதான் தேடினார்கள். ஹிஷ்மத் எழுந்தபோது முழங்காலில் உப்பு ஒட்டியிருந்தது.

வீட்டில் தவ்லத்திடம் உண்மையைச் சொன்னார். அவள் கத்தவில்லை. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்துவைத்து, பென்சிலை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க பக்கம் கட்டினீங்கள்ல. ஒவ்வொரு பக்கமும் நாலு தடவை பாத்திருப்பீங்க. என்ன இருந்துச்சுன்னு எழுதுங்க."

அவர் எழுதவில்லை, வரைந்தார். முதல் பக்கத்தில் மேலே ஒரு நீளப் பத்தி, பதினோரு வரி. அடுத்து மூன்று சின்னப் பத்தி. இரண்டாம் பக்கம் முழுக்கப் பேச்சு, துண்டு துண்டு வரிகள். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியின் கடைசிச் சொல் ஒன்று மட்டும் நான்காம் பக்கத்துத் தலைக்குத் தாவியிருந்தது. அதை இழுத்து உள்ளே கொண்டுவர அவர் அரைமணி நேரம் பாடுபட்டார். அந்த வரியின் நீளம்கூட நினைவிருந்தது. ஐந்தாம் பக்கம் பாதியில் முடிந்தது. பென்சில் கோடுகளாய் ஐந்து பக்கமும் மேசைமேல் கிடந்தன, ஒரு சொல்கூட இல்லாமல்.

"அந்தத் தாவின சொல் என்ன?" என்றாள் தவ்லத்.

"தெரியல."

"அரைமணி நேரம் அதோட மல்லுக்கு நின்னேன்னீங்க."

"சின்னச் சொல். மூணெழுத்து, நாலெழுத்து இருக்கும்."

"'பாபா'வா?"

அவர் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பேச்சு வருதுன்னீங்களே, அது யாரு யாரோட பேசுறது?"

"தவ்லத், நான் பேச்சுன்னு சொல்றது, வரி முன்னால கோடு போட்டிருந்துச்சு, அவ்வளவுதான். யாரு பேசினான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு பொண்ணு அப்பன்கிட்ட வாயால சொல்ல முடியாம, அவர் கண்ணுல படட்டும்னு அவர் கடையிலயே உக்காந்து, அவர் கையில கொடுக்கிற தாள்ல எழுதி வச்சிருக்கா. நீங்க வரி எண்ணியிருக்கீங்க!" இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "என் பொண்ணு உங்களுக்கு பதினோரு வரியா? மூணு சின்னப் பத்தியா?"

"எனக்குத் தெரிஞ்சது அதுதான். வேற எனக்குத் தெரியாது" என்று கத்தினார். கத்தியவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தவ்லத் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தொட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பிறகு அந்தத் தாளை எடுத்து மடித்துவைத்தாள்.

மறுநாள் காலை வேகவைத்த பீன்ஸ் வாங்கக் கிண்ணத்தோடு இறங்கியவள் பாதிப் படியிலிருந்து திரும்பி வந்தாள்.

"அந்த அஞ்சு பக்கத்தையும் அப்படியே விட்டுருங்க. வெள்ளையா. அவ இடம் அது, யாரும் அடைக்க வேணாம். எனக்குத் தெரிஞ்ச அந்த ஒரு வரிய ஒவ்வொரு பிரதியிலயும் என் கையால எழுதுறேன்."

ஹிஷ்மத் கணக்குப் போட்டார், வழக்கம் போல. நூற்றறுபதோடு ஐந்து. அரை ஃபாரம் கூடினால் நூற்றறுபத்தெட்டு, கடைசியில் மூன்று பக்கம் மிச்சம். பத்தரை ஃபாரம். வாழ்நாளில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்காத அரை ஃபாரம்.

"விட்டுர்றேன்" என்றார். இருபத்தொன்பது நாளில் அன்றுதான் ஒரு கிண்ணம் பீன்ஸை முழுதாகச் சாப்பிட்டார்.

அட்டையையும் அவரே செய்தார். என்ன நிறம் என்று கேட்டதற்கு தவ்லத் அலமாரியிலிருந்து அபீரின் கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். மங்கிய பச்சை, முழங்கையில் தேய்ந்தது. அதைப் பையில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோய், நிற அட்டைகளின் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். மைக் கணக்கு நூற்றுக்கு நீலம் நாற்பத்தைந்து, மஞ்சள் ஐம்பது, சிவப்பு பதினைந்து, கறுப்பு பத்து. தேய்ந்த முழங்கையின் பச்சைக்கு மட்டும் எந்த எண்ணும் ஒத்துவரவில்லை. வெட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் விட்டார். முதுகுக்கு எட்டரை மில்லிமீட்டர். அரபிப் புத்தகமாதலால் முன்னட்டை இடது பக்கம், பின்னட்டை வலது பக்கம், நடுவில் முதுகு. முதுகில் அவள் பெயரை வைத்து, நடுவில் நிற்கிறதா என்று ஏழெட்டுத் தடவை அளந்தார். ஃபாயிஸா அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தாள். சட்டை நாற்காலிமேல் கிடந்தது.

வியாழக்கிழமை கபர்ஸ்தானுக்குப் போகிற நாள். பன்னும் பேரீச்சம்பழமும் ஏழைகளுக்குக் கொடுக்க தவ்லத் கூடையோடு கடைக்குக் கீழே வந்து நின்றுவிட்டாள். ஹிஷ்மத் ட்ரேசிங் தாள் கட்டை ஃபாயிஸாவின் மேசைமேல் வைத்தார். தொண்ணூற்றேழுக்கும் நூற்றிமூன்றுக்கும் நடுவில் ஐந்து வெற்றுத் தாளை எண்ணித்தான் வைத்திருந்தார்.

"அவளோடது. நாற்பதாம் நாளைக்குள்ள வேணும்."

"என் கண்ணு மேல, உஸ்தா."

சொல்லியிருக்கலாம். நடுவில் வெள்ளை வரும், அது வேண்டுமென்றே விட்டது என்று ஒரு வாய் வார்த்தை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். என் மகள் எனக்கு எழுதியதை நானே எடுக்கச் சொல்லி, நானே அழித்தேன் என்று ஃபாயிஸாவிடம், அந்தக் கடைக்குள் நின்று சொல்ல வேண்டும். வாசலில் தவ்லத் காத்திருந்தாள். ஹிஷ்மத் தொண்டையைச் செருமிக்கொண்டு படியிறங்கினார்.

நாற்பதாம் நாள் காலை முதல் அறுபது பிரதி தையல் முடிந்து, சணல் கயிற்றால் கட்டி வந்து சேர்ந்தது. சந்தில் பந்தல் போட்டு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓதுகிறவர் மஃரிபுக்கு வருவார். அடுக்களையில் சர்க்கரையில்லாக் காபிக்குப் பெரிய பாத்திரம் ஏறியிருந்தது. தவ்லத் முகம் கழுவி, கறுப்பு உடுத்தி, மேசையில் இரண்டு பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். எழுத்து கோணாமல் வர மூன்று நாளாகப் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் அந்த வரியை எழுதிப் பழகியிருந்தாள்.

ஹிஷ்மத் கயிற்றை அறுத்து ஒன்றைக் கையில் எடுத்தார். பச்சை சரியாகத்தான் வந்திருந்தது. பெயர் முதுகின் நடுவில் நின்றது. ஆனால் கட்டைவிரல் முதுகில் நின்றுவிட்டது. நம்பினால் நம்புங்கள், திறக்குமுன்னே அந்த விரலுக்குத் தெரிந்துவிட்டது. அரை மில்லிமீட்டர் இல்லை.

திறந்தார். தொண்ணூற்றேழு. திருப்பினார். தொண்ணூற்றெட்டில் புது அத்தியாயம். கடைசிப் பக்கம் நூற்றறுபது.

உள்ளறைக்குப் போய் ஃபாயிஸாவுக்குப் போன் போட்டார்.

"வந்துருச்சா உஸ்தா? எப்படி இருக்கு? வல்லாஹி, நானே மெஷின் பக்கத்துல நின்னேன்."

"நடுவுல பக்கம்…"

"அதை நானே சொல்லணும்னு இருந்தேன்." ஃபாயிஸா குரலைத் தாழ்த்தினாள். "நடுவுல அஞ்சு, கடைசியில மூணு, மொத்தம் எட்டு வெள்ளையா இருந்துச்சு. உங்க கையிலயிருந்து அப்படி ஒண்ணு வந்து நான் பாத்ததே இல்ல. பாவம், மனசு எங்கயோ இருக்குன்னு நினைச்சேன். ஊருக்குத் தெரிஞ்சா என்ன பேசுவாங்க? அதான் நானே ஃபைலைத் திறந்து எடுத்துட்டு, நம்பரெல்லாம் சரிபண்ணி, மறுபடி ட்ரேசிங் எடுத்து, முதுகையும் அரை மில்லி குறைச்சேன். சரியா பத்து ஃபாரம். யார்கிட்டயும் மூச்சு விடல. உங்க பேரு உங்க பேராவே இருக்கும் உஸ்தா."

ஹிஷ்மத் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் அந்தப் பெட்டி நான்கு சக்கரத்தில் நின்றது.

"உஸ்தா? ஏதும் தப்பாப் பண்ணிட்டேனா?"

"இல்ல ஃபாயிஸா. நல்லாத்தான் செஞ்சிருக்க. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

"சாயங்காலம் வந்துர்றேன். மிச்சம் உங்க ஆயுசுல சேரட்டும்."

அவர் திரும்பி வந்தபோது தவ்லத்தின் முன்னால் ஒரு பிரதி விரிந்து கிடந்தது. அவள் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு பிரதி. பிறகு இன்னொன்று.

"எங்க?" என்றாள்.

அவர் அறுத்த சணல் கயிற்றைச் சுருட்டினார்.

"அவ இடம் எங்க, ஹிஷ்மத்?"

"ஃபாயிஸா… தப்புன்னு நினைச்சு எடுத்துட்டா."

"அவகிட்ட சொல்லலையா?"

"சொல்லல."

"மறுபடியுமா?" என்றாள். புத்தகத்தைத் தொண்ணூற்றேழாம் பக்கத்தில் விரித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் எழுத முயன்றாள். தாள் விலை ஏறிய வருடத்தில் ஹிஷ்மத் கட்டிய ஓரம் அது. விரல் அகலம்கூட இல்லை. 'அப்பா எதுவும்' என்று எழுதியதும் பேனா அச்சு வரிமேல் மோதியது. கீழே இறக்கி எழுதினாள். அங்கும் வரி. மேலே பக்க எண். எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு எழுத்தின்மேல் ஏறியது. அவளுடைய சொல்லும் தெரியவில்லை, மகளுடைய சொல்லும் தெரியவில்லை. பேனாவை மூடி வைத்தாள். ஹிஷ்மத் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். முப்பது வருடத்தில் கட்டிய ஓரங்களை எல்லாம் அன்றைக்கு வெறுத்தார்.

மாலையில் சந்து நிறைந்தது. ஓதுகிறவர் குரல் மாடிவரை கேட்டது. ஆண்கள் வந்து கை கொடுத்து, உட்கார்ந்து, கசப்புக் காபி குடித்து எழுந்துபோனார்கள். ஃபாயிஸா வந்து பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாரையும்விட அதிகமாக அழுதாள். அம்மு பஸ்யூனி ஒரு புத்தகத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "இதை யாரும் கிழிக்கமாட்டாங்க உஸ்தா, என் உசிரு இருக்கிற வரைக்கும்" என்றார்.

கூட்டம் குறைந்தபின் அபீரின் பள்ளித் தலைமையாசிரியர் மாடிக்கு வந்தார். நல்ல மனிதர், புத்தகம் தெரிந்தவர். நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு பிரதியை நிதானமாகப் புரட்டினார். ஹிஷ்மத் எதிரே கையைக் கட்டி நின்றார். தவ்லத் காபித் தட்டோடு வந்தாள்.

"எவ்வளவு நேர்த்தி, உஸ்தா! அச்சு, பச்சை, ஓரம். எல்லாம் அளந்து வச்ச மாதிரி. ஒரு பக்கம்கூட வீணாகல. பெத்த அப்பன் கை பட்டதுன்னு பாத்ததும் தெரியுது. அந்தப் பொண்ணு பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்."

ஹிஷ்மத் மேசைமேல் இருந்த பிரதிகளின் ஓரத்தை நேராக்கினார்.

"ஆமாங்க" என்றாள் தவ்லத், கோப்பையை அவர் முன்னால் வைத்தபடி. "ஒரு வரிக்குக்கூட இடம் விடமாட்டாரு. அவர் கை அப்படி."

மிச்சமிருந்த கோப்பையைப் புருஷனிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். தலைமையாசிரியர் கீழே போய், பந்தலில் நாற்காலி மடக்குகிற சத்தமும் ஓய்ந்த பிறகும் அவர் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.